காய்ந்து பிழைக்கும் கள்ளி: பிளாஸ்ஃபெல்டியா லிலிபுட்டானா

பிளாஸ்ஃபெல்டியா லிலிபுட்டானா உலகின் மிகச் சிறிய கள்ளி. ஆண்டிஸ் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், பொலிவியாவிலிருந்து வடமேற்கு அர்ஜென்டினா வரை, செங்குத்துப் பாறைகளின் வெடிப்புகளில் இது வளர்கிறது. முதிர்ந்த தண்டு ஒன்றின் குறுக்களவு பொதுவாக 10 முதல் 15 மில்லிமீட்டர்தான். சட்டைப் பொத்தான் ஒன்றை மேலே வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். இதே குடும்பத்தைச் சேர்ந்த மெக்சிகோவின் கார்டோன் கள்ளியோ 15 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, டன் கணக்கான எடையைத் தாங்கி நிற்கிறது. தாவரவியலார் இந்தச் சிறு செடியைத் திரும்பத் திரும்ப ஆராய்ந்ததற்கு அளவு மட்டும் காரணமாக இருந்ததில்லை. கள்ளி என்றதும் முள், விலா விலாவாகப் புடைத்த தண்டு, மெழுகேறிய தடித்த தோல், வறட்சிக்கென்று சேர்த்துவைத்த நீர் ஆகியவை நினைவுக்கு வரும். அவற்றுள் முதல் மூன்றும் இதனிடம் இல்லை. நான்காவது இருந்தும் போதுவதில்லை. பிற கள்ளிகள் நீரைச் சேமித்து வறட்சியை எதிர்கொள்ள, இது உடலைக் காயவிட்டு வறட்சியைக் கடக்கிறது. இதன் வடிவம், வாழிடம், வளர்ச்சி வேகம் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தோடு பிணைந்தவை.

தமிழில் கள்ளி என்று வழங்குபவை இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. திருகுகள்ளி, சதுரக்கள்ளி, இலைக்கள்ளி ஆகியவை ஒடித்தால் பால் வடியும் யூஃபோர்பியா இனங்கள், ஆமணக்கின் உறவினர்கள். சப்பாத்திக்கள்ளி மட்டுமே இக்கட்டுரை பேசும் கேக்டஸ் குடும்பத்தது. அது அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. கேக்டஸ் குடும்பத்தின் 1,500 சொச்சம் சிற்றினங்களும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. அங்கு மட்டுமின்றி வேறு கண்டங்களிலும் இயற்கையாகக் காணப்படும் ஒரே இனம் ரிப்சாலிஸ் பாசிஃபெரா. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் மரக்கிளைகளில் தொற்றி, முள்ளில்லாத மெல்லிய தண்டுகளாக அது தொங்குகிறது.

முள்ளே இல்லாத செடியைக் கள்ளி என்று எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு ஏரியோல் என்ற உறுப்பு விடை தருகிறது. தண்டின் மேல் ஆங்காங்கே தெரியும் சிறு மெத்தை போன்ற புள்ளி அது. உண்மையில் அது நீளாமல் சுருங்கிவிட்ட ஒரு பக்கக் கிளை. முள், பஞ்சு, பூ, புதிய தண்டு எல்லாம் அதிலிருந்தே கிளம்புகின்றன. கேக்டஸ் குடும்பத்தின் எல்லா உறுப்பினர்களிடமும் ஏரியோல் உண்டு, யூஃபோர்பியாவிடம் கிடையாது. பிளாஸ்ஃபெல்டியாவின் ஏரியோல்கள் முள்ளை உண்டாக்குவதில்லை. வெண்மையோ வெளிர்மஞ்சளோ ஆன ஒரு கொத்துப் பஞ்சை மட்டும் உண்டாக்குகின்றன.

கைக்கண்ணாடி வழியே பார்த்தால் செடியின் அமைப்பு தெளிவாகும். தண்டு தட்டையான கோளம், உச்சி உள்வாங்கியிருக்கும். நிறம் கரும்பச்சையிலிருந்து சாம்பல்பச்சை வரை மாறும். பிற கோளக் கள்ளிகளில் காணும் விலாக்களோ முலை போன்ற புடைப்புகளோ எதுவுமில்லை; பரப்பு வழுவழுப்பானது. அந்த வழுவழுப்பின் மேல் பஞ்சுப் புள்ளிகள் சுருள்வரிசையில், உச்சியில் நெருக்கமாகவும் பக்கங்களில் விலகியும் அமைந்துள்ளன. மண்ணுக்குள், அல்லது பாறை வெடிப்புக்குள், தடித்த ஆணிவேர் ஒன்று இறங்குகிறது. வெளியே தெரியும் தண்டின் அளவைப் பார்த்து அவ்வளவு பருத்த வேரை எவரும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

இளஞ்செடி ஒற்றைத் தலையோடு தொடங்குகிறது. வயது ஏற ஏற, பக்கத்து ஏரியோல்களிலிருந்து புதிய தலைகள் முளைத்து, தாய்த்தலையை ஒட்டி நெருங்கி வளர்ந்து, சிறு மெத்தையாகப் பரவுகின்றன. வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில்தான் கொத்தும் நீள்கிறது. ஆகவே இயற்கையில் கொத்தின் வடிவத்தைச் செடியைவிடப் பாறையே தீர்மானிக்கிறது. அகலமான பிளவில் வட்டத் திட்டாகவும், கோடு போன்ற கீறலில் மணி கோத்தது போன்ற வரிசையாகவும் அது அமைகிறது.

இந்தச் செடி அறிவியலின் பார்வைக்கு வந்தது 1930களின் நடுப்பகுதியில். ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் விதை, செடி வணிகம் செய்த ராபர்ட் பிளாஸ்ஃபெல்டின் மகன் ஹாரி பிளாஸ்ஃபெல்ட், ஒரெஸ்டே மார்சொனர் என்ற சேகரிப்பாளருடன் தென் அமெரிக்காவில் கள்ளிகளைத் தேடிப் பயணம் செய்தார். 1936இல் அர்ஜென்டினாவின் வடகோடியில் உள்ள ஹுஹுய் மாகாணத்தில் இது கிடைத்தது. அதற்கு முன்பே ஐரோப்பிய, அர்ஜென்டினத் தாவரவியலார் அந்தப் பகுதியில் தேடியிருந்தனர். அவர்கள் கண்ணில் இது படாமல் போனதற்குக் காரணம் உண்டு. வறண்ட பருவத்தில் பாறையின் நிறத்துக்கே மாறி, பாறை மட்டத்துக்குக் கீழே சுருங்கிக் கிடக்கும் செடியை, இன்ன இடத்தில் இருக்கிறது என்று தெரிந்து போகிறவர்கூட எளிதில் காண முடியாது.

பெர்லின்-டாலெம் தாவரவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எரிக் வெர்டர்மான் 1937இல் இதை விவரித்து வெளியிட்டார். ஏற்கெனவே அறியப்பட்ட எந்தப் பேரினத்திலும் இது பொருந்தவில்லை என்று கண்டு, கண்டெடுத்தவர் பெயரால் புதிய பேரினத்தையே உருவாக்கினார். சிற்றினப் பெயர், 1726இல் வெளிவந்த ஜோனதன் ஸ்விஃப்டின் கலிவரின் பயணங்கள் நாவலில் வரும் குள்ள மனிதர்களின் லில்லிபுட் தீவை ஒட்டியது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டு நர்சரிகளில் சிறு தொட்டிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்து விற்பனைக்கு நிற்கும் கலாஞ்சோ பிளாஸ்ஃபெல்டியானா இந்தக் கள்ளிக்கு உறவல்ல. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட அது, அதை ஐரோப்பியச் சந்தைக்குக் கொண்டுவந்த தந்தை ராபர்ட்டின் பெயரைத் தாங்குகிறது. கள்ளி தாங்குவது மகனின் பெயரை.

பரவல் எல்லை, செடியின் அளவோடு ஒப்பிட்டால் வியப்பூட்டும் அளவு பெரிது. பொலிவியாவின் சுக்கிசாக்கா, பொட்டோசி, தாரிஹா பகுதிகளிலிருந்து அர்ஜென்டினாவின் ஹுஹுய், சால்ட்டா, டுக்குமான், கட்டமார்க்கா, லா ரியோஹா மாகாணங்கள் வழியே தெற்கே நீளும் ஒரு நெடிய பட்டை அது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டரிலிருந்து 3,500 மீட்டர் வரை இது காணப்படுகிறது. இந்தச் சரிவுகளில் மழை பெரும்பாலும் தென்கோளக் கோடையில், நவம்பர் முடிவிலிருந்து மார்ச் வரை, பெய்கிறது. மீதி மாதங்கள் வறட்சி. உயரமான இடங்களில் குளிர்கால இரவுகளில் உறைபனி. இத்தனை பெரிய பரப்பிலும் செடி தேர்ந்துகொள்ளும் இடம் ஒன்றே: ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் செங்குத்துச் சுவர்களில், அடுக்கடுக்காகப் பிளவுபடும் பாறைகளின் கீறல்கள். நிழல் விழும் முகங்களிலும் அருவிகளின் ஓரத்திலும்கூட இது வளர்கிறது. பாசிகளும் செலாஜினெல்லா என்னும் சிறு செடிகளும் சிறு பெரணிகளும் அதே கீறல்களில் இதற்கு அண்டை வீட்டார். வெயில் கொளுத்தும் மணல்வெளியில் கள்ளியைத் தேடிப் பழகியவர்கள், அருவிச் சாரல் படும் பாறையில் பாசிக்கு நடுவே ஒரு கள்ளியைக் காண்பது அரிது. இந்த அண்டை வீட்டார் யார் என்பதிலேயே இச்செடியின் வாழ்முறை பற்றிய முதல் தடயம் இருக்கிறது.

பாசியும் பல பெரணிகளும் நீர் இல்லாதபோது காய்ந்து சுருண்டு, மழை வந்ததும் மீண்டும் பச்சை பிடிப்பவை. உடல் நீரின் அளவை நிலையாக வைத்துக்கொள்ள அவை முயல்வதே இல்லை. சுற்றுப்புறம் காய்ந்தால் தாமும் காய்கின்றன. பூக்கும் தாவரங்களில் இந்தத் திறன் மிக அரிது. பல லட்சம் இனங்களில் சில நூறு மட்டுமே இப்படி உலர்ந்து மீள வல்லவை. நீரைச் சேர்த்துவைக்கும் சதைப்பற்றுள்ள தாவரங்களுக்கு இது நேர் எதிரான வழி. கள்ளி ஒன்றின் வாழ்க்கைத் திட்டமே உடலுக்குள் நீரை அடைத்து, அது வெளியேறும் வாயில்களையெல்லாம் மூடுவதுதான். இந்த இரண்டு வழிகளும் ஒரே செடியில் சேர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்க எந்த முகாந்திரமும் இல்லை.

1996இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பார்த்லோட்டும் ஸ்டெஃபான் போரெம்ப்ஸ்கியும் வெளியிட்ட ஆய்வு, பிளாஸ்ஃபெல்டியாவில் அவை சேர்ந்திருப்பதைக் காட்டியது. பார்த்லோட், தாவரங்களின் மேற்பரப்பை நுண்ணோக்கி வழியே ஆராய்வதில் முன்னோடி. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கும் அழுக்கு தங்காததற்கும் காரணமான நுண்ணமைப்பை விளக்கியவர் அவரே. போரெம்ப்ஸ்கி, தனிப்பாறைக் குன்றுகளின் தாவரங்களை ஆராய்ந்தவர். இந்த இருவரின் துறைகளும் சந்திக்கும் புள்ளியில் பிளாஸ்ஃபெல்டியா இருந்தது. இந்தக் கள்ளி நெடுங்காலம் காய்ந்து சுருங்கிய நிலையில் உயிரோடிருந்து, நீர் கிடைத்ததும் பழைய வடிவத்துக்கு மீள்கிறது என்றும், சதைப்பற்றுள்ள தாவரங்களில் இது அசாதாரணமானது என்றும் அவர்கள் பதிவு செய்தனர். இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிடப் பெரிய வியப்பைத் தந்தது. இந்தச் செடியில் இலைத்துளைகள் ஏறத்தாழ இல்லவே இல்லை.

இலைத்துளை என்பது தாவரத்தின் தோலில் உள்ள நுண்ணிய வாயில். காற்றிலுள்ள கரியமில வாயு அதன் வழியே உள்ளே போகிறது; உடலின் நீராவி அதன் வழியே வெளியே போகிறது. சாதாரண இலை ஒன்றில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இவை இருக்கலாம். கள்ளிகளின் தண்டில் அந்த எண்ணிக்கை சில பத்துகளாகக் குறைந்திருக்கும். பெரும்பாலான கள்ளிகள் இவற்றையும் பகலில் மூடிவைத்து, குளிர்ந்த இரவில் மட்டும் திறக்கின்றன. இரவில் உறிஞ்சிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் செல்லுக்குள் வைத்திருந்து, பகல் வெளிச்சத்தில் அதை எடுத்து ஒளிச்சேர்க்கை செய்கின்றன. பிளாஸ்ஃபெல்டியாவின் வழுவழுப்பான தண்டுப் பரப்பிலோ இலைத்துளைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இருக்கும் மிகச் சிலவும் ஏரியோல் குழிகளை ஒட்டி, பஞ்சின் மறைவில் இருக்கின்றன. ஒளிச்சேர்க்கை செய்து தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும், குழாய்த்திசு கொண்ட நிலத்தாவரங்களில் இதைவிடக் குறைந்த இலைத்துளை அடர்த்தி அறியப்படவில்லை என்பது பார்த்லோட், போரெம்ப்ஸ்கி இருவரின் முடிவு.

இதன் பொருளை எளிய கணக்கு ஒன்று தெளிவாக்கும். ஒரு கோளத்தின் பரப்பை அதன் கனஅளவால் வகுத்தால் கிடைப்பது, ஆறை அதன் விட்டத்தால் வகுத்த எண். 30 செ.மீ. விட்டமுள்ள கோளக் கள்ளி ஏறத்தாழ 14 லிட்டர் கனஅளவு கொண்டது. அதன் ஒவ்வொரு கன செ.மீ. சதைக்கும் 0.2 சதுர செ.மீ. தோல்தான் வெளிப்பட்டிருக்கிறது. 1 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்ஃபெல்டியாவின் கனஅளவு அரை மில்லிலிட்டர் சொச்சம். அதன் ஒவ்வொரு கன செ.மீ. சதைக்கும் 6 சதுர செ.மீ. தோல். அதாவது, தோலின் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் ஒரே வேகத்தில் நீரை இழந்தால், சிறிய கள்ளி பெரியதைவிட 30 மடங்கு விரைவாக வற்றிப்போகும். இந்த அளவில் சேமிப்பு என்பது கட்டுப்படியாகாத வழி. எவ்வளவு தடித்த தோல் போர்த்தினாலும் அரை மில்லிலிட்டர் நீர் எட்டு மாத வறட்சியைத் தாங்காது.

பிளாஸ்ஃபெல்டியாவின் உடலமைப்பு இந்தக் கணக்கோடு முழுக்க ஒத்துப்போகிறது. பெரிய கள்ளிகளில் புறத்தோலுக்கு மேல் தடித்த மெழுகுப் படலமும், கீழே கெட்டியான செல்லடுக்கும் உண்டு. இதனிடம் இரண்டும் இல்லை. கெட்டியான தோல் இல்லாததால்தான் உடல் சுருங்கும்போது அது விரிசலிடாமல், கிழியாமல் கூடவே மடங்குகிறது. விலாக்கள் இல்லாதது புதிராகத் தோன்றலாம். பிற கள்ளிகளில் விலா இருப்பது, நீர் ஏறும்போது விரியவும் இறங்கும்போது சுருங்கவும் வசதியாக. மெல்லிய தோலோடு முழு உடலே சுருங்கிவிடும் செடிக்கு அந்த வசதி தேவைப்படுவதில்லை. முள்ளும் அப்படியே. நீர் நிறைந்த சதையைத் தேடிவரும் விலங்குகளிடமிருந்து காக்கவும் உச்சிமொட்டுக்கு நிழல் தரவும் பாலைவனக் கள்ளிகளுக்கு முள் பயன்படுகிறது. பாறைக் கீறலுக்குள் பதுங்கியிருக்கும் செடியை மேய எந்த வாயும் நுழையாது. நிழலைப் பாறையே தருகிறது.

இலைத்துளைகளைக் கைவிட்டதற்குச் செடி கொடுக்கும் விலை பெரியது. நீர் வெளியேறும் வாயிலும் கரியமில வாயு நுழையும் வாயிலும் ஒன்றே என்பதால், ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபடுகிறது. ஆகவே இது மிக மிக மெதுவாக வளர்கிறது. விதையிலிருந்து முளைத்த கன்று ஓராண்டு கழித்தும் குண்டூசித் தலையளவைத் தாண்டாமல் இருப்பது வழக்கம். இவ்வளவு மெதுவாக வளரும் செடி, மண் உள்ள இடத்தில் புல்லோடும் புதரோடும் போட்டியிட்டு ஒரு பருவம்கூட நிலைக்காது. வேறு எதுவும் வேரூன்ற முடியாத, விரலளவு மண்கூட இல்லாத கீறல் மட்டுமே அதற்குப் பாதுகாப்பான இடம். அந்தக் கீறலிலோ மழை வந்தால் நீர் வழியும், நின்றால் சில நாட்களில் காய்ந்துபோகும். சிறுத்த உடல் சேமிக்க இடம் தராது. சேமிக்க முடியாததால் காய்ந்து மீளும் திறன் தேவைப்படுகிறது. இலைத்துளைச் சிக்கனம் வளர்ச்சியை மந்தமாக்குகிறது. மந்தமான வளர்ச்சி செடியைப் பாறைக்குத் துரத்துகிறது. பாறை மீண்டும் உடலைச் சிறுக்க வைக்கிறது. இந்தச் சுழற்சியில் எது முதலில் நிகழ்ந்தது என்று பிரித்துக் காண்பதைவிட, இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் புரிந்துகொள்வதே முக்கியம்.

வறண்ட பருவத்தில் நடப்பது படிப்படியான மாற்றம். தண்டு நீரை இழந்து தட்டையாகிறது, உச்சிக்குழி ஆழமாகிறது, பக்கவாட்டில் விலகியிருந்த பஞ்சுப் புள்ளிகள் நெருங்கிச் சாம்பல்நிறப் போர்வையாகத் தோலை மூடுகின்றன. செடி வட்டுப் போலாகிக் கீறலுக்குள் அமிழ்ந்துவிடுகிறது. மழை தொடங்கியதும் வேர் நீரை உறிஞ்ச, தண்டு மெல்ல உப்பிப் பாறை விளிம்புக்கு மேல் எழுகிறது. நீர் ஏறியவுடனேயே ஒளிச்சேர்க்கை முழு வேகத்தில் தொடங்கிவிடுவதில்லை. செல்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளக் காலம் பிடிக்கிறது.

மழைப் பருவத்தில் பூக்கும் பூ, உச்சியை ஒட்டிய ஏரியோலிலிருந்து வருகிறது. வெண்மையான இதழ்கள், சில செடிகளில் நடுவே வெளிர்சிவப்புக் கோடு; விரிந்த பூவின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. செடியின் அளவுக்கு அதுவே பெரிய பூ. மகரந்தம் கொண்டுவரப் பூச்சி வராவிட்டாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுற்று விதை வைக்க இதனால் முடியும். பாறைச் சுவரில் ஒற்றையாக முளைத்து, பக்கத்துச் செடியிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் ஒன்றுக்கு இது இன்றியமையாத திறன். ஒரே விதை புதிய கீறலில் விழுந்தாலும் அங்கே ஒரு குடி உருவாகிவிடும். ஆண்டிஸ் சரிவில் இத்தனை நீளமான பட்டையில் இது பரவியிருப்பதற்குத் தற்கருவுறுதல் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருக்க வேண்டும்.

கனி சில மில்லிமீட்டர் அளவுள்ள, முள்ளற்ற சிறு உருண்டை. விதைகள் பழுப்புநிறமானவை, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நுண்ணோக்கியில் இரண்டு சிறப்புகள் தெரியும். விதைத்தோல் மேல் நுண்ணிய மயிர்கள் எழுந்து நிற்கின்றன. விதையின் ஒரு முனையில் வெளிறிய சதைத்துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறது. அத்தகைய சதைத்துணுக்கு எறும்புகளுக்கு உணவு. எறும்புகள் விதையை இழுத்துப் போய்ச் சதையைத் தின்றுவிட்டு விதையைப் புற்றிலோ வெடிப்பிலோ விட்டுவிடும். செங்குத்துச் சுவரில் கீழிருந்து மேலே விதை ஏற வேண்டுமானால், காற்றையும் நீரையும்விட எறும்பையே அதிகம் நம்பலாம்.

இந்த விதைதான் வகைப்பாட்டியலாரை நீண்ட காலம் திசைதிருப்பியது. ஆண்டிஸின் அதே சரிவுகளில் வளரும் பரோடியா பேரினத்தின் சில இனங்களுக்கும் இதேபோலச் சதைத்துணுக்கு ஒட்டிய நுண்விதைகள் உண்டு. ஆகவே பரோடியா, ஃப்ரெய்லியா ஆகியவற்றின் உறவுக்கூட்டத்தில் சிறுத்து எளிமையாகிப்போன ஒரு கிளையாகப் பிளாஸ்ஃபெல்டியாவைக் கருதினர். 2002இல் ரெட்டோ நைஃபெலர் பசுங்கணிக டிஎன்ஏ வரிசைகளைக் கொண்டு முழுக் கள்ளிக் குடும்பத்தின் வம்சமரத்தை வரைந்தபோது, இந்தக் கருத்து கவிழ்ந்தது. குடும்பத்தின் மிகப் பெரிய துணைக்குடும்பமான கேக்டாய்டியே, கோளக் கள்ளிகளும் தூண் கள்ளிகளும் அடங்கியது. அந்த மரத்தில் பிளாஸ்ஃபெல்டியா பரோடியாவின் அருகே வரவில்லை. கேக்டாய்டியேயின் மற்ற எல்லா உறுப்பினர்களும் ஒரு பக்கம், பிளாஸ்ஃபெல்டியா மட்டும் தனியே மறுபக்கம் என்று மரத்தின் அடியிலேயே கிளை பிரிந்தது.

இதை எங்கே வைப்பது என்பதில் தாவரவியலார் உடனே ஒத்துப்போகவில்லை. 2004இல் குரோசியர் என்ற ஆய்வாளர் இதற்கெனப் பிளாஸ்ஃபெல்டியாய்டியே என்ற தனித் துணைக்குடும்பத்தையே முன்மொழிந்தார். 2006இல் சார்லஸ் பட்டர்வொர்த் இதை நைஃபெலரின் புதிர் என்று குறிப்பிட்டு மறு ஆய்வு செய்தார். அதே ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மோசெத் கத்தியும் நுண்ணோக்கியுமாகச் செடியின் உள்ளமைப்பை ஆராய்ந்தார். டிஎன்ஏ சொன்னதைத் திசுக்களும் சொல்கின்றனவா என்பதே அவர் கேள்வி. கேக்டாய்டியே கள்ளிகளின் தடித்த சதைப் புறணிக்குள் நீரையும் உணவையும் கொண்டுசெல்லும் சிறு குழாய்த்திரள்கள் எங்கும் ஓடுகின்றன. இலையுள்ள பெரெஸ்கியாவிலும் சப்பாத்திக்கள்ளிக் கூட்டத்திலும் அவை இல்லை. பிளாஸ்ஃபெல்டியாவிலும் அவை இல்லை என்று மோசெத் கண்டார். புறத்தோலும் பிற கள்ளிகளில் போல நீண்டகாலம் நிலைப்பதில்லை என்றும் காட்டினார். கிளை மிகப் பழையது என்ற கருத்துக்கு இவை வலுச்சேர்த்தன. இப்போது பெரும்பாலோர் இதைக் கேக்டாய்டியேக்குள்ளேயே, ஆனால் பிளாஸ்ஃபெல்டியே என்ற தனிக் குலமாக வைக்கின்றனர். அந்தக் குலத்தில் வேறு பேரினம் கிடையாது.

இங்கே பரவலாக நிகழும் ஒரு பிழையைச் சுட்ட வேண்டும். அடிக்கிளையில் பிரிந்தது என்பதால் பிளாஸ்ஃபெல்டியாவைக் கள்ளிகளின் மூதாதை என்றோ, முள் தோன்றுவதற்கு முந்தைய வாழும் எச்சம் என்றோ சொல்வது தவறு. கள்ளிக் குடும்பத்தில் இதைவிட முன்பே பிரிந்த பெரெஸ்கியாவுக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் முள் உண்டு, இலைத்துளைகளும் உண்டு. எனவே பொது மூதாதையிடமும் அவை இருந்திருக்க வேண்டும். பிளாஸ்ஃபெல்டியா அவற்றைப் பெறாத செடியாக இல்லை, பெற்றிருந்து இழந்த செடி. கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்பது 2011இல் வெளியான மதிப்பீடு. அந்தக் காலத்தின் பெரும்பகுதியைத் தனிக்கிளையாகவே கழித்த இந்தச் செடி, பிற கள்ளிகள் போன அதே அளவு தூரம் தன் வழியில் மாறிவந்திருக்கிறது. குழாய்த்திரள் இல்லாதது பழைய பண்பாக இருக்கலாம். முள்ளும் தடித்தோலும் இலைத்துளையும் இல்லாதது புதிய பண்பு. எது பழையது, எது பின்னர் வந்தது என்று ஒவ்வொரு பண்பையும் தனித்தனியே எடைபோடுவதே சரியான முறை.

பேரினத்துக்குள் எத்தனை இனங்கள் என்பதில் இப்போது பெரிய சர்ச்சை இல்லை. 1960களில் ஃப்ரீட்ரிக் ரிட்டரும் கர்ட் பேக்கபெர்க்கும் தண்டின் நிறம், பூவின் வடிவம், விதையின் அளவு ஆகியவற்றின் அடிப்படையில் அட்ரோவிரிடிஸ், மினிமா, பெடிசெல்லாட்டா, ஃபெச்செரி, கம்பானிஃப்ளோரா என்று பல பெயர்களைச் சூட்டினர். தன் மகரந்தத்தாலேயே விதை வைக்கும் செடியில், ஒவ்வொரு பள்ளத்தாக்கின் குடியும் சிறு வேறுபாட்டைத் தலைமுறைகளாகக் காத்துவைப்பது இயல்பு. அந்த வேறுபாடுகளுக்கெல்லாம் இனத் தகுதி தர வேண்டியதில்லை. இன்று எல்லாம் லிலிபுட்டானா என்ற ஒரே இனத்துள் அடக்கப்படுகின்றன.

சேகரிப்பாளர்களின் கண்ணாடி வீடுகளில் இந்தச் செடி பெரும்பாலும் ஒட்டுக் கட்டியே வளர்க்கப்படுகிறது. தூசு போன்ற விதையை மூடிய பாத்திரத்தில் ஈரம் காயாமல் விதைத்து, முளைத்த கன்றைப் பெரெஸ்கியோப்சிஸ் போன்ற வேகமாக வளரும் கள்ளியின் தண்டில் ஒட்டுகின்றனர். அடிச்செடி நீரையும் உணவையும் இடைவிடாமல் ஊட்டுவதால், பாறையில் பல ஆண்டுகள் எடுத்திருக்கும் வளர்ச்சி மிகக் குறுகிய காலத்தில் நிகழ்ந்துவிடுகிறது. தலைகள் இயற்கை அளவைத் தாண்டிப் பருத்து, பத்துப் பத்தாகப் பெருகி, பந்து போன்ற கொத்தாகின்றன. புத்தகங்களிலும் கண்காட்சிகளிலும் காணும் படங்களில் பெரும்பாலானவை இத்தகைய ஊதிப்போன கொத்துகள்தான். அவை நலமான செடிகள். ஆனால் இந்த இனத்தின் இயல்பை அவற்றைக் கொண்டு அறிய முடியாது. ஆண்டு முழுதும் நீர் பெறும் ஒட்டுச்செடிக்குக் காய்ந்து மீளும் வாய்ப்பே வருவதில்லை. தன் வேரிலேயே வளரும் செடிக்குக் கனிமத்துணுக்குகள் நிறைந்த வடிகால் கலவை, இடைவெளி விட்ட நீர், கடும் வெயில் படாத வெளிச்சம், குளிர்காலத்தில் முழு வறட்சி ஆகியவை தேவை; எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை தேவை.

இயற்கையில் இந்த இனத்துக்கு உடனடி ஆபத்து இல்லை. பரவல் எல்லை பெரிது. வாழிடமோ உழவுக்கும் கட்டடத்துக்கும் பயன்படாத செங்குத்துப் பாறை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இது குறைந்த கவலைக்குரிய இனமாகவே இடம்பெற்றுள்ளது. குடும்பம் முழுவதற்கும் நிலைமை அப்படியில்லை. 1,478 கள்ளி இனங்களை மதிப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வு, அவற்றில் 31 விழுக்காடு அழிவின் அச்சுறுத்தலில் இருப்பதாகக் கண்டது. நிலத்தை வேளாண்மைக்கும் குடியிருப்புக்கும் மாற்றுவதோடு, சேகரிப்பவர்களுக்காகச் செடிகளைப் பிடுங்கி விற்பதும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இதனால்தான் கேக்டஸ் குடும்பம் ஏறத்தாழ முழுமையாக, அழியும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் சேர்க்கப்பட்டுள்ளது.

பிளாஸ்ஃபெல்டியாவைப் பொறுத்தவரை, பாறையிலிருந்து பெயர்த்த செடியை வாங்குவதில் பொருளே இல்லை. கீறலுக்குள் இறங்கிய ஆணிவேரை அறுக்காமலோ பாறையை உடைக்காமலோ அதை எடுக்க முடியாது. ஒரு கொத்தை எடுத்தால் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல வளர்ந்த ஒரு குடியே போய்விடும். விதையிலிருந்து வளர்த்த கன்றுகள் தாராளமாகக் கிடைக்கின்றன, விதையும் கிடைக்கிறது. கள்ளி வளர்ப்பில் ஆர்வமுள்ளவர்கள் எந்த அரிய கள்ளியை வாங்கும்போதும், இது விதையில் வளர்ந்ததா, காட்டிலிருந்து எடுத்ததா என்று விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். தெளிவான பதில் வராவிட்டால் வாங்காமல் விட்டுவிட வேண்டும்.